43 படங்கள், ஓர் இருட்டு ஹால்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டு உள் அலங்கார வேலைக்காக என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் போனில் படங்களோடுதான் பேச ஆரம்பிப்பார்கள். இந்த வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான், ஆனால் அவர் வந்தது எல்லாச் செலவும் முடிந்த பிறகு. ஒன்றரை வருடம் படம் படமாகச் சேர்த்து, அதைப் பார்த்தே பெயின்ட் அடித்து, சோபா வாங்கி, விளக்கு மாட்டி, எல்லாம் முடிந்து உட்கார்ந்து பார்த்தால் ஹால் பிடிக்கவில்லை. "படத்துல இருக்கிறதெல்லாம் வாங்கிட்டோம் மேடம், ஆனா அந்த மாதிரி இல்ல. எது குறையுதுன்னே தெரியல" என்றார். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. அதனால் என்ன பார்த்தோம், எதை அளந்தோம், எங்கே நானே தவறினேன் என்பதை அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி, முழுதாக எழுதி வைக்கிறேன்.

வீட்டில் நாலு பேர். கணவன், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், கணவரின் அம்மா. பாட்டிக்கு 70 தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. ஹால் 20 அடி நீளம், பத்தரை அடி அகலம். குறுகிய பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல், 4 அடி அகலம், மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடியில். அந்த ஜன்னலில் நேர் வெயில் விழாது. எதிர்முனையில் வாசல் கதவும் சமையலறைக்குப் போகும் வழியும். படுக்கையறைக் கதவுகள் ஜன்னல் முனையில். அதாவது வீட்டில் யார் எங்கே போனாலும் இந்த ஹாலின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும்.

அவர்கள் செய்திருந்தது: நாலு சுவருக்கும் நடுத்தரமான சாம்பல் நிறம். 9 அடிக்கு ஆறரை அடி எல் வடிவ வெல்வெட் சோபா, பச்சை. டிவி சுவரில் மர நிற லேமினேட் ஒட்டிய அலமாரி, மேலே திறந்த தட்டுகள். சீலிங்கில் ஆறு வட்ட எல்.இ.டி. விளக்குகள், எல்லாம் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடக்கூட நீலம் சாரும், குறையக்குறைய மஞ்சள் சாரும்), ஒரே சுவிட்ச். கனமான திரை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மோசமில்லை. சோபா நல்ல தரம், பெயின்ட் வேலை சுத்தம். அதனால்தான் அவர்களால் குறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

படங்களை முதலில் படித்தோம்

முதல் நாள் நான் ஹாலைத் தொடவே இல்லை. அவர் சேர்த்திருந்த படங்களில் அதிகம் பிடித்தவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், 43 வந்தது. அவற்றைச் சின்னதாக அச்செடுத்து மேஜையில் பரப்பினோம். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டேன். "பச்சை சோபா, சாம்பல் சுவர்" என்றார் உடனே. எண்ணிப் பார்த்தோம். பச்சை சோபா 11 படங்களில்தான், சாம்பல் சுவர் 14-ல். மகள்தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, எதுலயுமே மேல லைட் எரியல" என்றாள்.

உண்மைதான். 43-ல் 39 படங்களில் சீலிங் விளக்கு அணைந்தே இருந்தது. வெளிச்சம் ஒரு பக்கத்துப் பெரிய ஜன்னலிலிருந்து வந்தது, அல்லது தாழ்வான மேஜை விளக்குகளிலிருந்து. அவருக்கு இத்தனை நாளும் பிடித்திருந்தது பக்கவாட்டில் விழும் அந்த ஒளி. அதில் துணியின் மடிப்பு தெரிகிறது, சுவரில் மெல்லிய நிழல் படர்கிறது, ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் அமைதியாகவும் இருக்கிறது. அவர் வாங்கியதோ அந்த ஒளியில் தற்செயலாக இருந்த சோபாவை.

இன்னொன்றும் சொன்னேன். வீட்டு உட்புறப் படங்களைப் பெரும்பாலும் அகலக் கோண லென்ஸில் எடுப்பார்கள், கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கும். அந்த லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதை இன்னும் தள்ளிக் காட்டும், அதனால் சாதாரண அறையும் நீளமாகத் தெரியும். படத்தில் அடக்கமாகத் தெரிந்த எல் சோபா பத்தரை அடி அகல ஹாலில் வந்து உட்கார்ந்ததும் மலைபோல் தெரிந்ததற்கு இது ஒரு காரணம். படம் எடுக்கும்போது பள்ளிப் பை, சார்ஜர் ஒயர், மருந்து டப்பா எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள் என்பதும் தெரிந்ததே. படம் சேர்க்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, படம் இல்லாமல் ஆசையைச் சொல்வது கஷ்டம். ஆனால் ஒரு படம் பிடித்துப்போனால் ஜன்னல் எந்தப் பக்கம், விளக்கு எந்த உயரம், தரையில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று மூன்றையும் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் பொருளைப் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தை அளந்தபோது

இரண்டாவது நாள், ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை அளக்கும் லக்ஸ் மீட்டரோடு போனேன். காலை 11 மணி, விளக்குகள் அணைத்து, திரையை முடிந்தவரை ஒதுக்கி அளந்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் 700 லக்ஸ், ஹாலின் நடுவில் 90, வாசல் முனையில் 15. ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு, மிஞ்சிப்போனால் இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும் என்பது கட்டடக்கலையில் பழைய கைக்கணக்கு. இங்கே 7 அடி விளிம்புக்கு 14 அடி, அதிகபட்சம் பதினேழரை. அதற்குப் பின்னால் இருக்கும் இடம் எப்படியும் மங்கல்தான். அதை எந்தப் பெயின்டாலும் முழுதாக மாற்ற முடியாது.

ஆனால் பாக்கி வெளிச்சத்தை அவர்களே தடுத்துக்கொண்டிருந்தார்கள், தெரியாமல். திரைக்கம்பி ஜன்னல் சட்டத்துக்கு நேர்மேலே, சட்டத்தின் அதே அகலத்துக்கு இருந்தது. கனமான துணி. முழுதாகத் திறந்தாலும் இரண்டு பக்கமும் எட்டெட்டு அங்குலம் துணி கண்ணாடி மேலேயே குவிந்து நிற்கும். 48 அங்குல ஜன்னலில் 16 அங்குலம் போய்விட்டது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அது திறந்திருக்கும்போது. பெரும்பாலான நாள் திறப்பதே இல்லை, ஏனென்றால் சோபாவின் நீட்டிய பகுதி ஜன்னலுக்கு முன்னால் கிடந்தது, திரையைப் பிடிக்க வேண்டுமென்றால் சோபா மேல் முழங்காலிட்டு ஏற வேண்டும். காலையில் அவசரத்தில் யார் ஏறுவார்கள்? இருட்டுக்குக் காரணம் சோபா என்று அவர்கள் நினைத்தே பார்த்ததில்லை.

அப்புறம் சாம்பல் சுவர். பெயின்ட் நிறங்களுக்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு, விழுகிற ஒளியில் 100-க்கு எத்தனை பங்கைச் சுவர் திருப்பி அனுப்பும் என்பதைச் சொல்வது. பெரும்பாலான நிற அட்டைகளின் பின்பக்கத்தில் அல்லது நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. இவர்கள் தேர்ந்தெடுத்த சாம்பலுக்கு அது 35. இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நீளமான ஹாலில் ஜன்னல் வெளிச்சம் மறுமுனைக்கு நேராகப் போவதில்லை, சுவரில் பட்டுப் பட்டுத்தான் போகிறது. இரண்டு தடவை பட்டுப் போகிற ஒளியில், 35 உள்ள சுவர் 100-க்கு 12 பங்கைத்தான் மிச்சம் வைக்கும். 78 உள்ள வெளிர்நிறச் சுவர் 61 பங்கை மிச்சம் வைக்கும். ஐந்து மடங்கு. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோதுதான் கணவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாம்பல் ஏன் நீலமானது

இவர்களுக்குப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. வாங்கியது சாம்பல், சுவரில் தெரிவது நீலம். கடைக்காரர் நிறத்தைத் தப்பாகக் கலந்துவிட்டார் என்று இரண்டு முறை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடையில் அட்டையோடு ஒப்பிட்டால் சரியாகவே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் மறுபடி நீலம்.

ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை போட்டு, டிவி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் வைத்து அந்த ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னேன். சாம்பல். அட்டையை எடுத்ததும் நீலம். மறுபடி வைத்தால் சாம்பல். பாட்டி உட்பட எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இதற்குக் காரணம் அலமாரியின் ஆரஞ்சு கலந்த பழுப்பு. ஒரு நிறத்தைத் தனியாக நம் கண் பார்ப்பதில்லை, பக்கத்து நிறத்தோடு சேர்த்தே பார்க்கிறது, பக்கத்தில் இருப்பதற்கு எதிரான சாயலை இதன்மேல் ஏற்றிவிடுகிறது. ஆரஞ்சுக்கு எதிர் நீலம். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1824-ல் பாரிஸின் கோபலின் திரைச்சீலை நெசவுக்கூடத்துக்குச் சாயப் பிரிவின் தலைவராக வந்தவர் மிஷெல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். அங்கே கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் நெய்தால் கறுப்பு செத்துப்போய்த் தெரிகிறது என்று புகார் இருந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், மற்ற இடங்களின் கறுப்போடும் ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டார். வருடக்கணக்கில் ஆராய்ந்து 1839-ல் அதை ஒரு விதியாகவே வெளியிட்டார். இந்த வீட்டில் நடந்ததும் அச்சு அசல் அதுதான்: டப்பாவில் குறையில்லை, பக்கத்தில் இருந்த அலமாரி காரணம். அதோடு நேர் வெயில் படாத ஜன்னலின் ஒளியே கொஞ்சம் நீலம் சார்ந்தது, இரவில் 6500 கெல்வின் விளக்கும் அப்படியே. மூன்றும் ஒரே திசையில் தள்ளும்போது பாவம், அந்தச் சாம்பல் என்ன செய்யும்.

அதனால் நிறத்தை இரண்டு அங்குல அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். 2 அடிக்கு 2 அடி பலகையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு, அதை அலமாரிக்குப் பக்கத்தில், சோபாவுக்குப் பின்னால், இருட்டு மூலையில் என்று நகர்த்தி நகர்த்தி வைத்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பார்க்க வேண்டும். சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்ப்பதைவிட இது மேல், ஏனென்றால் சுவரில் பழைய நிறம் சுற்றி நின்று கண்ணை ஏமாற்றும்.

பாட்டியின் தலைவலி

விளக்குகளைப் பற்றி நான் கேட்டபோது யாரும் குறை சொல்லவில்லை, கணவருக்கு அந்தப் பளிச்சென்ற வெள்ளை பிடிக்கும். பாட்டி மட்டும் சாயங்காலம் ஹாலில் உட்காருவதில்லை, தலை வலிக்கிறது என்று அறைக்குப் போய்விடுவார். டிவி சத்தம் என்று நினைத்திருந்தார்கள்.

நான் பாட்டி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மின்விசிறியையும் விளக்கையும் போடச் சொன்னேன். ஆறு விளக்கில் இரண்டு, விசிறி இறக்கைகள் சுற்றும் வட்டத்துக்கு நேர்மேலே இருந்தன. மூன்று இறக்கை நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் ஒவ்வொரு விளக்கையும் நொடிக்கு 15 முறை மறைக்கும். எதிர்ச் சுவர் முழுக்க அந்த நிழல் துடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் மற்றவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. சுவரைப் பார்த்து உட்காருகிற ஒருவருக்கு மட்டும் அது விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த இரண்டு விளக்கின் இணைப்பை மட்டும் அன்றைக்கே எடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் பாட்டி ஹாலில் இருந்தார். எனக்கு இந்த வேலையிலேயே மனம் நிறைந்த நாள் அதுதான்.

இன்னொரு குறை, ஆறு விளக்கும் நேர்கீழாகத் தரையையும் தலைகளையும் மட்டுமே வெளிச்சமாக்கின, சுவரெல்லாம் இருட்டு. ஓர் அறை பிரகாசமா மங்கலா என்பதை நாம் பெரும்பாலும் சுவரைப் பார்த்துத்தான் உணர்கிறோம், தரையை அல்ல. வெல்வெட்டுக்கும் மேலிருந்து விழும் ஒளி ஆகாது, அதன் இழைகள் பக்கவாட்டு ஒளியில்தான் மின்னும். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய பச்சை ராத்திரியில் கறுப்புத் திட்டாகக் கிடந்தது இதனால்தான்.

மங்கலான வெளிச்சத்துக்கு நீலம் கலந்த வெள்ளை விளக்கு ஒத்துப்போகாது என்பதை டச்சு இயற்பியலாளர் குரூய்தோஃப் 1941-லேயே எழுதினார். எவ்வளவு வெளிச்சத்துக்கு எந்த நிற விளக்கு இதமாக இருக்கும் என்று அவர் வரைந்த வளைகோட்டின் எல்லைகளைப் பிற்கால ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை, ஆனாலும் 50 லக்ஸ் இருக்கிற ஓர் அறையில் 6500 கெல்வின் விளக்கைப் போட்டுப் பாருங்கள், ஏதோ வெறிச்சோடிய காத்திருப்பு அறையில் உட்கார்ந்தாற்போல் இருக்கும்.

யார் எங்கே நடக்கிறார்கள்

எல் சோபாவின் நீட்டிய பகுதி சுவரிலிருந்து ஆறரை அடி வந்திருந்தது. எதிரே அலமாரி 2 அடி. பத்தரையில் மிச்சம் 2 அடி, அதாவது 60 செ.மீ. வீட்டின் முக்கிய நடைபாதைக்கு 90 செ.மீ. இருந்தால் நிம்மதி, 75-க்குக் கீழே போனால் ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருப்பித்தான் போக வேண்டும். பாட்டிக்கு அதுகூட முடியாது, சோபாவைப் பிடித்துக்கொண்டே நகர்வார்.

மகளிடம் ஹாலின் வரைபடத்தையும் நாலு கலர் பென்சிலையும் கொடுத்து, சாயங்காலம் 6 முதல் 8 வரை யார் எங்கே போனாலும் கோடு போடச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் அந்த 2 அடி இடைவெளியில் மட்டும் 37 கோடுகள். ஒவ்வொரு கோடும் டிவி பார்ப்பவருக்குக் குறுக்கே.

இப்படி நடையைக் கோடாக வரைந்து பார்க்கும் வழக்கத்துக்கு நூறு வயது ஆகிறது. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை இப்படி நடையையும் கை எட்டும் தூரத்தையும் கணக்கிட்டு உருவானதுதான். ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். அதில் அலமாரி எங்கே, மேஜை எங்கே என்று அடி அடியாகத் தீர்மானித்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. சமையலறைக்கு நாம் இதைச் செய்கிறோம், ஹாலுக்கு ஏனோ செய்வதில்லை. ஹால் என்றால் பார்க்க அழகாக இருந்தால் போதும் என்று ஒரு நினைப்பு.

சோபாவின் உயரம் வேறு. இருக்கை 38 செ.மீ.தான், ஆழம் அதிகம், படத்தில் அது சொகுசாகத் தெரியும். "ஏம்மா, இதுல உக்காந்தா எழுந்திரிக்க ஒரு ஆள் வேணும்" என்று பாட்டி சொன்னது அளந்து பார்க்கத் தேவையில்லாத உண்மை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 45 முதல் 48 செ.மீ. உயரம், கையூன்றி எழக் கைப்பிடி, முதுகு ரொம்பச் சாயாத இருக்கை வேண்டும்.

செய்தது

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கி, தரையில் புதிய அமைப்பை முழு அளவில் ஒட்டினோம். மூன்று நாள் அந்தக் கோடுகளுக்குள் வாழ்ந்து பார்க்கச் சொன்னேன். இரண்டாவது நாளே இரண்டு கோடுகளை அவர்களாகவே மாற்றி ஒட்டியிருந்தார்கள், என் கணக்கைவிட அது சரியாக இருந்தது.

சோபா பகுதி பகுதியாகக் கழற்றக்கூடியது. நீட்டிய பகுதியைப் பிரித்து மகளின் அறைக்கு அனுப்பினோம், அங்கே அது அவள் படிக்கும் மூலையாகிவிட்டது. மிச்சம் 6 அடி சோபா, திறந்த பக்கத்துக்குக் குஷன் வேலை செய்பவர் ஒரு கைப்பிடி செய்து மூடினார். பெரிய டீபாய் போய், நகர்த்தக்கூடிய இரண்டு சின்ன ஸ்டூல்கள் வந்தன. நடைபாதை 3 அடிக்குமேல் கிடைத்தது. பாட்டிக்கு 46 செ.மீ. உயர நாற்காலி, ஜன்னலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சாய்கோணமாக, சோபாவில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசும் தூரத்தில்.

திரைக்கம்பியைச் சீலிங்குக்குப் பக்கமாக ஏற்றி, இரண்டு பக்கமும் 10 அங்குலம் நீட்டினோம். இப்போது திறந்தால் துணி சுவர்மேல் போய் நிற்கிறது, கண்ணாடி முழுதும் காலி. கனமான துணிக்குப் பதில் மெல்லியது, ஜன்னலின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு எடுத்துச் சுருக்கம் வைத்தோம், துணி குறைவாக எடுத்தால் எவ்வளவு விலை உயர்ந்த துணியும் சப்பையாகத் தொங்கும்.

மூன்று சுவருக்கு மஞ்சள் சாயல் மிகக் கொஞ்சமாகக் கலந்த வெள்ளை, எல்.ஆர்.வி. 78. வாசல் முனைச் சுவரில் மட்டும் பழைய சாம்பலையே விட்டுவிட்டேன். அந்த இடம் பகலில் எப்படியும் மங்கல், வெள்ளை அடித்தால் அழுக்கு வெள்ளையாகத்தான் தெரியும், அங்கே மர நிறமும் பக்கத்தில் இல்லை. 2700 கெல்வின் விளக்கு ஒன்றைத் தாழ்வாக வைத்ததும் அதே சாம்பல் இதமாக மாறிவிட்டது. ஆறு மாதமாகத் திட்டித் தீர்த்த நிறம் இப்போது அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த சுவர். இருட்டான மூலையை வெள்ளையடித்து விரட்டப் பார்ப்பதைவிட, ஆழமான நிறமும் ஒரு சின்ன விளக்கும் கொடுத்து அதன் இயல்பிலேயே விடுவது நல்லது என்பது என் அழுத்தமான கருத்து.

விளக்குகள் மூன்று சுவிட்சாகப் பிரிந்தன. அலமாரிச் சுவரைத் தடவி இறங்கும் ஒளி ஒன்று, சோபாவின் பக்கத்தில் நிற்கும் விளக்கும் வாசல் முனை விளக்கும் ஒன்று, சீலிங்கில் மிச்சம் வைத்த நாலு விளக்கு ஒன்று. பல்புகளில் நிறத்தை உள்ளபடி காட்டும் திறன், சி.ஆர்.ஐ. என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும், 90-க்குக் குறையாமல் எடுத்தோம். திறந்த தட்டுகளில் கீழ்ப் பாதிக்குக் கதவு போட்டாயிற்று, மருந்து, ஒயர், சாவி எல்லாம் உள்ளே. சுவர்ப் படங்களை அவர்கள் நின்று பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தார்கள், இந்த ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தே இருப்பதால் ஒரு சாண் இறக்கினோம்.

நான் தவறிய இடங்கள்

முதல் சுற்றில் எல்லா விளக்கையும் 2700 கெல்வின் ஆக்கிவிட்டேன். படங்களில் இருந்த இதம் வந்துவிட்டது, வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மகளுக்குத் தூக்கம் வந்தது, கணவருக்குச் செய்தித்தாள் படிக்க முடியவில்லை. எழுத்து வேலைக்கு 500 லக்ஸ் வேண்டும் என்பது அலுவலகங்களுக்குப் பின்பற்றும் அளவு, அந்த இடத்தில் 80 தான் இருந்தது. பாட்டிக்கு இன்னும் கஷ்டம். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனக்குப் போதுமான வெளிச்சத்தை அவருக்கும் போதும் என்று நினைத்தது என் கவனக்குறைவு. சீலிங் விளக்குகளை 4000 கெல்வினுக்கு மாற்றி, பாட்டியின் நாற்காலிக்குத் தோளுக்குப் பின்னாலிருந்து விழும் ஒரு வாசிப்பு விளக்கு வைத்தோம். ஒயரிலேயே, கைக்கெட்டும் இடத்தில் சுவிட்ச்.

அடுத்தது கார்ப்பெட். சோபாவின் முன்கால்கள் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரியதாக, கொஞ்சம் தடிமனாகத் தேர்ந்தெடுத்தேன், பார்க்க நன்றாகவே இருந்தது. அதன் ஓரம் பாட்டி நடக்கும் வழியில் முக்கால் அங்குலம் தூக்கி நின்றது. ஒரு நாள் கால் தட்டி, நல்லவேளையாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே எடுத்துவிட்டோம். இப்போது இருப்பது மெல்லியது, அடியில் வழுக்காத வலை, நடைபாதைக்குள் நீளாதபடி சோபாவோடு முடிகிறது. அளவு கொஞ்சம் சிறியது, அழகில் ஒரு பிடி குறைவுதான், பரவாயில்லை.

ஒன்பது மாதம் கழித்து

அதே 11 மணிக்கு மறுபடி அளந்தேன். ஹாலின் நடுவில் 90 இருந்தது 180 ஆகியிருக்கிறது, வாசல் முனையில் 15 இருந்தது 50. வாசல் முனையில் பகலிலும் அந்தச் சின்ன விளக்கு எரிகிறது, அதற்கு வேறு வழியில்லை. பாட்டி பகல் முழுக்க ஜன்னலோரம்தான், திரையைத் திறப்பதும் மூடுவதும் இப்போது அவர் பொறுப்பு. பச்சை வெல்வெட் சாயங்கால விளக்கில் மின்னுகிறது, புது சோபா வாங்கினீர்களா என்று வந்தவர்கள் கேட்கிறார்களாம்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கணவருக்கு இன்னும் பழைய வெள்ளை வெளிச்சம்தான் வேண்டும், அவர் ஹாலுக்கு வந்ததும் சீலிங் சுவிட்சைப் போடுவார், மனைவி வந்ததும் அணைப்பார். மங்கலாக்கும் டிம்மர் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம், ஆனால் இப்போதிருக்கும் பல்புகள் டிம்மருக்கு ஏற்றவை அல்ல, மாற்ற வேண்டும். திறந்த தட்டுகளின் மேல் பாதியில் மறுபடி சாமான் சேர ஆரம்பித்திருக்கிறது, அதற்கும் கதவு போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். நான் சரி என்றேன்.

அடுத்தது மகளின் அறை. டேப்பைப் போன வாரம் அவளே தரையில் ஒட்டிவிட்டாள். மேஜை 4 அடியா, 3 அடியா என்பதில்தான் நிற்கிறது, 4 அடி வைத்தால் கதவைத் திறக்கும்போது மூலையில் இடிக்கிறது.